உழுநிலம் ஒப்படைத்த அமானிதம்

வரலாறு என்றதும் நம் நினைவில் முதலில் எழுவன கோட்டைகளும் கொத்தளங்களும், மன்னர்தம் புகழுரைகளும், போர்க்கள வருணனைகளுமே. பெரியவை பேசும், சிறியவை கேட்டுக்கொண்டிருக்கும் என்பது நாம் வழிவழியாகக் கொண்டுள்ள எண்ணம். ஆயின், பெருவிரல் நீளமே உள்ள ஒரு செப்புக் கலவைத் தகடு ஒரு நாட்டின் வரலாற்று ஏடுகள் விட்டுச் சென்ற இடைவெளியை நிரப்பியிருக்கிறது. அதனைக் கண்டெடுத்தவர்களோ பேராசிரியர்கள் அல்லர். விடுமுறை நாளில் வயல் வரப்பில் நடந்த எளிய மனிதர்கள். அந்தத் தகட்டின் கதையையும், அதனை எடுத்த கைகளின் கதையையும் இவ்விதழில் நாம் எண்ணிப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் கிழக்கு, தெற்கு மாவட்டங்களில் அறுவடை முடிந்து உழப்பட்ட நிலங்களில், காதில் ஒலிவாங்கியும் கையில் நீண்ட கோலும் கொண்டு மெல்ல நடக்கும் மனிதர்களைக் காணலாம். கோலின் முனையில் வட்டமான சுருள் ஒன்று இருக்கும். மண்ணுக்குள் உலோகம் இருப்பின் அது ஒலியெழுப்பும். 'மெட்டல் டிடெக்டர்' என வழங்கும் உலோகங்காட்டிக் கருவி அது. ஒலி எழுந்த இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டினால் பெரும்பாலும் கிடைப்பவை உழவுக் கருவியின் உடைந்த துண்டு, துருப்பிடித்த ஆணி, பொத்தான், செல்லாக் காசு ஆகியவையே. என்றேனும் ஒரு நாள் பச்சை படர்ந்த முக்கோணத் தகடு ஒன்று கைக்கு வரும். மண்ணைத் துடைத்தால் அதன் முகத்தில் பின்னோக்கித் தலை திருப்பிய விலங்கொன்று தெரியும். அல்லது தன்னைத்தானே பின்னிக் கொண்ட பாம்பின் வளைவுகள் தெரியும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குதிரைவீரனின் காலருகே மின்னிய அணி அது.

தகட்டின் தொழில்

குதிரையின் சேணத்திலிருந்து இருபுறமும் தோல்வார்கள் தொங்கும். அவற்றின் முனையில், ஏறுபவன் பாதம் ஊன்றும் இரும்பு வளையம் கட்டப்பட்டிருக்கும். அதனை அங்கவடி என்பது தமிழ் வழக்கு. அரபு மொழியில் அது ரிகாப். அங்கவடியின் மேற்புறத்தில் உள்ள துளையில் வாரை நுழைத்து மடித்துக் கட்டுவர். ஏறுபவனின் முழு எடையும் ஏறும் வேளையில் அந்த மடிப்பின் மீதே இறங்கும். தோல் அவ்விடத்தில் தேயும், அறும். அந்த மடிப்பைக் காக்கவும் அழகு செய்யவும் வார்த்துச் செய்யப்பட்டதே நாம் குறிப்பிடும் தகடு. இதனை அங்கவடித் தகடு என நாம் அழைப்போம்.

பெரும்பாலும் 4 முதல் 6 சென்டிமீட்டர் உயரமே உள்ள இத்தகட்டின் அடிப்பகுதி பின்புறமாக மடிந்து ஒரு விளிம்பாக அமைந்திருக்கும். அவ்விளிம்பு அங்கவடியின் தலைப்பகுதியோடு பொருந்தி நிற்கும். மேலேயும் கீழேயும் உள்ள துளைகள் வழியே சிற்றாணிகளை அடித்துத் தகட்டை வாரோடு இறுக்கிவிடுவர். ஆணிகள் பெரும்பாலும் இரும்பு. மழையும் சேறும் பட்டு இரும்பு துருவேறும். ஒரு நாள் ஆணி முறியும். தகடு நழுவி வழியில் விழும். வீரன் அறியாமல் போய்விடுவான். தோல் மக்கிவிட்டது. உழுத மண்ணில் இரும்பு அங்கவடியும் பெரும்பாலும் அரித்தழிந்தது. செப்புக் கலவை மட்டும் பச்சைப் போர்வை போர்த்துக் கொண்டு மண்ணில் உறங்கியது. இன்றும் பல தகடுகளின் துளைகளில் அந்த இரும்பாணியின் துருக்கறை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இது புதைக்கப்பட்ட பொருளன்று, தவறவிடப்பட்ட பொருள். இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். கல்லறையில் வைக்கப்பட்ட பொருள் ஒருவனது இறப்பைச் சொல்லும். வழியில் விழுந்த பொருளோ அவன் வாழ்வைச் சொல்லும். அவன் எவ்வழியே போனான், எவ்வயலைக் கடந்தான் என்பதைச் சொல்லும்.

கிழக்கிலிருந்து மேற்கிற்கு

அங்கவடி இல்லாத காலத்திலும் மனிதன் குதிரை ஏறினான், போர் புரிந்தான், பேரரசுகளை நாட்டினான். கிரேக்கரும் உரோமரும் அதனை அறியார். சீனத்தில் 302ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறையொன்றில் கிடைத்த மண்பாவையில் குதிரையின் இடப்புறம் மட்டும் ஓர் அங்கவடி காணப்படுகிறது. ஏறுவதற்கு உதவிய படி அது. 322ஆம் ஆண்டைச் சேர்ந்த நான்கிங் கல்லறைப் பாவையில் இருபுறமும் அங்கவடி உண்டு. 415இல் இறந்த பெங் சூபு என்னும் உயர்குடியாளரின் கல்லறையிலோ மரத்தால் செய்து, பொன்முலாம் பூசிய செப்புக் கலவைத் தகடு போர்த்திய இரட்டை அங்கவடிகளே கிடைத்துள்ளன. பயனும் அழகும் தொடக்கத்திலேயே கைகோத்துக் கொண்டன என்பதற்கு இது சான்று.

அங்கிருந்து புல்வெளி நாடோடிகளின் வழியாக இக்கருவி மேற்கே நகர்ந்தது. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடு ஐரோப்பாவில் குடியேறிய அவார் இனத்தாரின் கல்லறைகளில் இரும்பு அங்கவடிகள் காணப்படுகின்றன. 600ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட பைசாந்தியப் போர்க்கலை நூலொன்று, குதிரைவீரனின் சேணத்தில் இரண்டு இரும்பு அங்கவடிகள் இருத்தல் வேண்டும் என விதிக்கிறது.

அரபு உலகிலும் இதற்கொரு செய்தி உண்டு. 9ஆம் நூற்றாண்டு மொழியறிஞர் அல்-முபர்ரத் தமது அல்-காமில் என்னும் நூலில் அதனைப் பதிந்துள்ளார். முன்னர் அங்கவடிகள் மரத்தால் ஆனவை. அவை போரில் எளிதில் முறிந்தன. அதனைக் கண்ட தளபதி அல்-முஹல்லப் இப்னு அபீ ஸுஃப்ரா இரும்பால் அங்கவடி செய்ய ஆணையிட்டார் என்பது அச்செய்தி. முஹல்லப் 702இல் மறைந்தவர். பாரசீகத்தில் அஸாரிகா எனப்பட்ட கிளர்ச்சியாளரோடு நெடும்போர் நடத்தியவர். முறிந்த மரத்துண்டைக் கண்டு ஒரு தளபதி சிந்தித்ததை ஒரு மொழியறிஞர் எழுதி வைத்தார். அதனால் அச்செய்தி நமக்குக் கிட்டியது. எழுதி வைப்பார் இல்லாத நாட்டில் என்ன செய்வது? அங்கேதான் மண்ணின் உதவி தேவைப்படுகிறது.

இங்கிலாந்து இக்கருவியை மிகவும் பிந்தியே அறிந்தது. அந்நாட்டின் கிழக்கில் சட்டன் ஹூ என்னும் இடத்தில் 1991இல் தொல்லியலார் ஓர் இளைஞனின் கல்லறையை அகழ்ந்தனர். காலம் ஏறத்தாழ 600. பக்கத்துக் குழியில் அவன் குதிரை. அவன் பெட்டியின் அருகே பொன்முலாம் பூசிய அணிகள் தைத்த கடிவாளம். கண்ணைப் பறிக்கும் வேலைப்பாடு! ஆனால் அங்கவடி மட்டும் இல்லை. பைசாந்தியம் இரும்பு அங்கவடியை விதித்த அதே காலத்தில், ஆங்கில நாட்டு உயர்குடி இளைஞன் கால்களைத் தொங்கவிட்டே குதிரை ஏறினான்.

ஏடுகள் சொன்னதும் சொல்லாததும்

வடகடல் கடந்து வந்த டென்மார்க்கு, நார்வே நாட்டு வைக்கிங்குகளே அங்கவடியை இங்கிலாந்தில் பரப்பினர் என ஆய்வாளர் கருதுகின்றனர். 1016இல் டேனிய இளவரசன் கான்யூட் இங்கிலாந்தின் மன்னனானான். 1035இல் மறையும் வரை அவன் ஆட்சி நடந்தது. 1018இல் அந்நாட்டு மக்களிடமிருந்து 72,000 பவுண்டும், இலண்டன் நகரிலிருந்து மட்டும் தனியே 10,500 பவுண்டும் திறையாகத் தண்டப்பட்டதாக ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு கூறும். கான்யூட்டின் வீரர்களிற் பலர் அங்கேயே நிலம் பெற்றுத் தங்கினர். 

இதன் பின்னர் வந்தது 1066. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மானியக் கோமகன் வில்லியம் ஆங்கில மன்னன் ஹெரால்டை வென்றான். ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பாயோ சித்திரத் துணியில் அப்போர் நூலால் தைக்கப்பட்டுள்ளது. நார்மானியர் குதிரை மேல் பாய்ந்து வருகின்றனர். ஆங்கிலேயர் கேடயச் சுவர் அமைத்துத் தரையில் நின்று போரிடுகின்றனர். இச்சித்திரம் பல தலைமுறைகளின் உள்ளத்தில் பதிந்துவிட்டது. குதிரை என்றால் நார்மானியன், காலாள் என்றால் ஆங்கிலேயன் என்பதாக ஓர் எளிய கணக்கும் உருவாயிற்று.

ஏடுகளும் ஓரளவு இதற்கு இடம் கொடுத்தன. 1055இல் ஹெரிபோர்டு அருகே வேல்சு நாட்டவரோடு நடந்த போரில் ஆங்கிலேயர் ஈட்டி எறியப்படுமுன்பே ஓடினர் என்றும், குதிரைமேல் இருந்தமையே அதற்குக் காரணம் என்றும் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. படிப்பவர் என்ன நினைப்பர்? ஆங்கிலேயர்க்குக் குதிரையே பழக்கமில்லை போலும் என்றுதானே?

ஆனால் அதே காலத்துச் சட்ட ஏடு வேறொன்றைச் சொல்கிறது. கான்யூட்டின் சட்டத்தில் ஒரு விதி உண்டு. பெருமகன் ஒருவன் இறந்தால் அவன் குடும்பம் மன்னனுக்குச் செலுத்த வேண்டிய கடமைப் பொருள்களின் பட்டியல் அது. கோமகனாயின் எட்டுக் குதிரைகள்; அவற்றுள் நான்கு சேணத்தோடு, நான்கு சேணமின்றி. மன்னனின் நெருங்கிய நிலக்கிழானாயின் நான்கு குதிரைகள். இரண்டு சேணத்தோடு, இரண்டு சேணமின்றி. அவனுக்கும் கீழ்ப்பட்ட சிறு நிலக்கிழானாயின் ஒரு குதிரையும் அதன் அணிகலன்களும், அவனுடைய படைக்கலன்களும். சிறு நிலக்கிழானிடமும் அணிகலன் பூண்ட குதிரை இருந்தாக வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது. ஆயின் சட்டம் எதிர்பார்த்ததெல்லாம் நாட்டில் நடந்ததா? ஏட்டில் உள்ள குதிரை ஊரில் இருந்ததா? இவ்வினாவிற்கு ஏடுகளால் மட்டும் விடை தர இயலாது.

விடை தந்தது நாம் முன்னர்க் கண்ட தகடு. ஒன்றன்று, இரண்டன்று. 1997இல் டேவிட் வில்லியம்ஸ் என்னும் ஆய்வாளர் அதுவரை அறியப்பட்ட அங்கவடித் தகடுகளை வகைப்படுத்தி நூலாக வெளியிட்டபோதே அவை நூற்றுக்கணக்கில் இருந்தன. அதன் பின்னர் அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்துவிட்டது. அங்கவடியின் முனையணிகள், கடிவாளத்தின் பக்கத் தண்டுகள், வார்களை இணைக்கும் கொக்கிகள் என உடன்பிறப்புகளும் பல கிடைத்துள்ளன. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மன்னன் மாளிகையிலோ போர்க்களத்திலோ மட்டும் கிடைத்தவை அல்ல. சாதாரணச் சிற்றூர்களின் வயல்களில் சிதறிக் கிடந்தவை.

இவற்றின் வேலைப்பாடும் ஒரு சாட்சியே. சிலவற்றில் இலையும் கொடியுமாகப் படரும் ஆங்கில நாட்டு வின்செஸ்டர் பாணி. வேறு பலவற்றில் நார்வேயின் ஒரு வட்டாரத்தின் பெயரால் வழங்கும் ரிங்கரிகே பாணி. இன்னும் சிலவற்றில் அந்நாட்டு மரக்கோயிலொன்றின் பெயரால் வழங்கும் ஊர்னெஸ் பாணி. இலண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் முற்றத்தில் 1852இல் கிடைத்த கல்லறைக் கல்லில் இதே ரிங்கரிகே பாணியில் ஒரு பெரும் விலங்கு செதுக்கப்பட்டுள்ளது. தலைநகரில் உயர்குடியாளன் கல்லறைக்கு அமைந்த அதே கலைமரபு, பெயரறியாச் சிற்றூரில் வார்க்கப்பட்ட மலிவுத் தகட்டிலும் தவழ்கிறது. வென்றவரின் கலை, தோற்றவரின் பட்டறைக்குள் புகுந்து, இருவருக்கும் பொதுவான அழகாகிவிட்டதை இதனினும் தெளிவாக எந்த ஏடு சொல்லும்?

எனவே நாம் பெறும் முடிவு இது: நார்மானியன் காலடி வைக்குமுன்பே, ஆங்கில-டேனியச் சமுதாயத்தின் நடுத்தட்டு நிலக்கிழார் வரை அங்கவடியூன்றிக் குதிரை ஏறும் வழக்கம் பரவியிருந்தது. சட்ட ஏடு சொன்ன குதிரை ஊரில் இருந்தது. அவர்கள் குதிரைமேல் நின்று போரிட்டனர் என இதற்குப் பொருள் கொள்ளலாகாது. களம் வரை ஏறிச் சென்று, களத்தில் இறங்கி நின்று போரிடுவது அவர்தம் மரபு. 1066 செப்டம்பர் 25ஆம் நாள் வடக்கே ஸ்டாம்போர்டு பிரிட்ஜில் நார்வே மன்னனை வென்ற ஹெரால்டு, மூன்று வாரத்திற்குள் தெற்குக் கடற்கரையில் வில்லியத்தை எதிர்த்து நின்றான். அத்தகைய வேகம் நல்ல குதிரைகளும் தேர்ந்த ஏற்றமும் இன்றி இயலுமோ? சித்திரத் துணி போர்க்களத்தைக் காட்டிற்று. தகடுகள் அக்களத்திற்குச் சென்ற பாதையைக் காட்டுகின்றன.

பகையும் இணக்கமும்

இனி, இத்தகடுகளைக் கண்டெடுத்தவர்கள் பக்கம் திரும்புவோம். உலோகங்காட்டிக் கருவி 1960களிலும் 1970களிலும் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு வந்தது. தொழிலாளியும் ஓய்வு பெற்றவரும் இளைஞரும் அதனைக் கையிலெடுத்தனர். தொல்லியலாரோ அஞ்சினர். பொருளை மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டால் அதன் சூழல் அழியும், சூழல் அழிந்தால் செய்தி அழியும் என்பது அவர்கள் வாதம். 1979இல் வந்த சட்டம், பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் இசைவின்றி இக்கருவியைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. 1980இல் நம் கடந்த காலத்தை எடுப்பதை நிறுத்துக என்னும் பொருள்பட ஓர் இயக்கமே தொடங்கப்பட்டது. தேடுநர்களோ, படித்தவர் கூட்டம் எங்களைத் திருடர் என்கிறது எனச் சினந்தனர்.

தொல்லியலாரின் அச்சம் வீண் அச்சமன்று. 1980களின் நடுவில் சர்ரே மாவட்டத்தின் வான்பரோ என்னும் சிற்றூரில் இருந்த உரோமர் காலக் கோயிலிடம் இரவோடிரவாகச் சூறையாடப்பட்டது. ஆயிரக்கணக்கான காசுகள் சந்தைக்குப் போய்ச் சிதறின. அவற்றுள் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்றே இன்று எவராலும் சொல்ல இயலாது. குற்றவாளிகளைத் தண்டிக்கவும் அன்றைய சட்டம் வலுவற்றிருந்தது. ஏனெனில் பொன்னோ வெள்ளியோ ஆகிய பொருளை, திரும்ப எடுக்கும் எண்ணத்துடன் ஒருவன் மறைத்து வைத்தான் என மெய்ப்பித்தால்தான் பழைய முறைப்படி அது அரசின் புதையல். என்றோ மறைந்தவனின் எண்ணத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது எங்ஙனம்? 1939இல் சட்டன் ஹூ கப்பற் கல்லறையில் பொற்குவியல் கிடைத்தபோதும் இவ்விதியின்படி அது புதையலன்று என்றே முடிவாயிற்று. நிலத்தின் உரிமையாளரான எடித் பிரெட்டி அம்மையார் மனமுவந்து நாட்டிற்கு வழங்கியதாலன்றோ அச்செல்வம் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

இப்பகைக்கு இரு செயல்கள் வழி கண்டன. ஒன்று, 1996இல் இயற்றப்பட்டு 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதையற் சட்டம். முந்நூறாண்டுகளுக்கு மேற்பட்டதாய், பத்தில் ஒரு பங்கேனும் பொன் அல்லது வெள்ளி கலந்த அணிகலனும் கலமும் கிடைத்தால் அறிவித்தாக வேண்டும். அருங்காட்சியகம் அதனை எடுத்துக்கொண்டால் கண்டவர்க்கும் நிலத்தார்க்கும் உரிய பரிசு கிடைக்கும் என்றது அது. மற்றொன்று, அதே 1997இல் சில வட்டாரங்களில் தொடங்கி 2003இல் இங்கிலாந்து, வேல்சு முழுதும் விரிந்த தொல்பொருட் பதிவுத் திட்டம். மாவட்டந்தோறும் ஓர் அலுவலர் இருப்பார். தேடுநர் தாம் கண்ட பொருளை எடுத்துச் சென்று காட்டுவர். அவர் அதனை அளந்து, நிறுத்து, படமெடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு பொருளைத் திருப்பித் தந்துவிடுவார். பொருள் கண்டவருடையது, செய்தி அனைவருடையது. இதுவே அத்திட்டத்தின் உயிர். நாம் முன்னர்க் குறித்த டேவிட் வில்லியம்ஸும் இத்தகைய அலுவலராகப் பணியாற்றியவரே. 2020ஆம் ஆண்டளவில் அப்பதிவேட்டில் 15 இலட்சம் பொருள்கள் ஏறிவிட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இத்தேடுநர்கள் கண்டவை.

விலையா, நிலையா?

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. 2009இல் ஸ்டாபோர்டுசயர் மாவட்டத்து வயலொன்றில் ஒரு தேடுநர் கண்ட ஆங்கிலோ-சாக்சன் பொற்குவியல் உலகெங்கும் பேசப்பட்டது. அதிலிருந்த பொன் ஏறத்தாழ 4 கிலோ. மதிப்போ 32 இலட்சத்து 85 ஆயிரம் பவுண்டு. அத்தொகை கண்டவருக்கும் நிலத்தாருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. அறிவிக்கச் சட்டம் கட்டளையிட்டது. பரிசும் காத்திருந்தது.

ஆனால் ஒரு தனி அங்கவடித் தகடு? அதில் பொன்னில்லை, வெள்ளியில்லை. செப்புக் கலவை மட்டுமே. 2023இல் சட்டத்தின் வரையறை விரிக்கப்பட்டு, தனிச்சிறப்பு வாய்ந்த பிற உலோகப் பொருள்களும் உள்ளே கொணரப்பட்டன. ஆயினும் நூற்றுக்கணக்கில் கிடைக்கும் சாதாரணத் தகடு அதனுள் அடங்குவது அரிது. ஆகவே நிலத்தாரின் இசைவோடு தேடி எடுத்த தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒருவர் வீடு போய்விட்டால் எந்தச் சட்டமும் அவரைக் கேளாது. அவர் அதனை அலுவலரிடம் கொண்டு சென்றால் அங்கே பரிசும் இல்லை. பெட்ரோல் செலவு அவருடையது. அரைநாள் பொழுது அவருடையது. அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கானோர் சென்றனர். சென்றதனால்தான் மேலே நாம் எழுதிய வரலாறு எழுந்தது.

ஒரே பட்டறையில் வார்த்த இரு தகடுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றைக் கண்டவர் அலுவலரிடம் காட்டினார். அது கிடைத்த இடம், வரைபடக் கட்டத்தில் ஆறு இலக்கங்களால், நூறு மீட்டருக்குள் அடங்குமாறு குறிக்கப்பட்டது. பத்துமீட்டருக்குள் குறிக்கும் எட்டு இலக்கமாயின் இன்னும் நன்று. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வாளர் கேட்பார்: அருகே பழைய பெருவழி உண்டா? ஆற்றுத்துறை உண்டா? 1086இல் வில்லியத்தின் நில அளவைப் பதிவேடு அவ்வூரை யாருடையது என்கிறது? தகடு பேசத் தொடங்கும். மற்றொன்றைக் கண்டவர் கடைக்கு விற்றார். கடைக்காரர் இன்னொருவருக்கு விற்றார். இன்று அது கண்ணாடிப் பெட்டியில், இங்கிலாந்து, 11ஆம் நூற்றாண்டு என்னும் சீட்டோடு மின்னுகிறது. அழகில் குறைவில்லை. உலோகத்தில் குறைவில்லை. ஆனால் அது ஊமை. அதன் நாவை அறுத்தது காலமன்று, மனிதன். அறுந்த அந்நாவை எந்த அறிவியலும் மீண்டும் ஒட்டவைக்க இயலாது.

தகட்டின் விலை அதன் உலோகத்தில் உள்ளது. மதிப்போ அது கிடந்த நிலத்தில் உள்ளது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதே சூறையாடினோர் செய்த பிழை. பொருளை மட்டுமே காத்தால் போதும் என எண்ணும் நல்லோரும் அப்பிழையில் பாதியைச் செய்தவராவர்.

நடுநிலையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உழுநிலத்தின் மேல்மண்ணில் கிடப்பவை அங்கே நிம்மதியாக இருப்பதில்லை. ஆண்டுதோறும் கலப்பை அவற்றைப் புரட்டுகிறது, வளைக்கிறது, உடைக்கிறது. உரங்களின் வேதிப்பொருள்கள் அவற்றின் முகத்தை அரிக்கின்றன. தேடுநர் எடுத்திராவிடில் இத்தகடுகளில் பல நம் காலத்திலேயே உருவிழந்திருக்கும். எல்லா வயல்களையும் தோண்டிப் பார்க்கத் தொல்லியலாரிடம் ஆளுமில்லை, பணமுமில்லை. அவர்கள் ஒருபோதும் போயிராத இடங்களுக்குப் போன கால்கள் இவ்வெளியவர்களுடையவை.

அதே வேளையில் இச்சான்றின் எல்லையையும் மறத்தலாகாது. தகடுகள் கிடைத்த இடங்களை வரைபடத்தில் புள்ளியிட்டால் கிழக்கும் தெற்கும் நிறைந்திருக்கும், வடமேற்கு வெறிச்சோடும். அங்கே குதிரையே ஏறவில்லை என முடிவு கட்டலாமா? ஆகாது. கிழக்கு உழுநிலம், அங்கே தேடுவது எளிது. மேற்கிலும் வடக்கிலும் பரந்தவை புல்வெளியும் மலைமேய்ச்சலும். புல்லின் கீழ் உள்ளதை எவரும் கிளறவில்லை. ஆகவே அப்புள்ளிகள் ஒரே நேரத்தில் இரு வரலாறுகளைக் காட்டுகின்றன. ஒன்று, 11ஆம் நூற்றாண்டுக் குதிரைவீரன் எங்கே சென்றான் என்பது. மற்றொன்று, 20, 21ஆம் நூற்றாண்டுத் தேடுநர் எங்கே நடந்தார் என்பது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே ஆய்வாளரின் கடமை.

நிறைவாக

யாரோ ஒரு நிலக்கிழான், ஏதோ ஒரு மழை நாளில், வரி செலுத்தவோ வழக்குரைக்கவோ சந்தைக்கோ போருக்கோ விரைந்தான். ஆணி முறிந்தது. தகடு சேற்றில் விழுந்தது. அன்றிரவு குதிரையைக் கட்டும்போது வாரைத் தடவிப் பார்த்து, இழந்ததை அறிந்து வருந்தியிருப்பான். அவன் பெயரை எந்த ஏடும் எழுதவில்லை. சித்திரத் துணியில் அவனுக்கு இடமில்லை. ஆயினும் அவன் வாழ்ந்தான், அவ்வழியே போனான் என்பதற்கு அச்சேறு ஒரு சாட்சியை வைத்திருந்தது. கான்யூட் போனான், ஹெரால்டு போனான், வில்லியமும் போனான். நிலம் மட்டும் தன்னிடம் விழுந்ததை விழுந்த இடத்திலேயே வைத்துக் காத்தது.

நம்மிடம் ஒருவர் ஒரு பொருளை ஒப்படைத்துச் சென்றால் அதனை நாம் அமானிதம் என்போம். கொடுத்தவர் சொன்ன சொல்லோடு சேர்த்துத் திருப்பித் தந்தாலன்றி அமானிதம் நிறைவேறாது. மண் தன் அமானிதத்தை ஓராயிரம் ஆண்டு காத்து ஒரு மனிதன் கையில் தந்தது. அதனோடு இடம் என்னும் ஒரு சொல்லையும் தந்தது. அச்சொல்லைக் கேட்டு, மறவாமல் கொண்டுபோய், எழுதுவோரிடம் சேர்ப்பித்தவர்கள் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் அல்லர். ஆனால் அவர்கள் சேர்ப்பித்த சொல் இல்லையேல், பட்டம் பெற்றவர்கள் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திராது.